மகன் அமைதியாகிவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நான் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலி வேலை செய்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். தமிழ் மீடியத்தில் படித்து, பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தான். எங்கள் சொந்தத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் அவன்தான். வட்டிக்கு வாங்கித்தான் சேர்த்துவிட்டேன். இப்போது ஏழு அரியர். போன தீபாவளியிலிருந்து காலேஜுக்குச் சரியாகப் போவதில்லை. விடிய விடிய முழித்திருக்கிறான், பகலில் தூங்குகிறான். குளிக்கக்கூட நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. எந்நேரமும் செல்போன். என்ன கேட்டாலும் பதில் இல்லை. காலேஜில் எங்களைக் கூப்பிட்டு, மற்ற பிள்ளைகள் நிற்கும்போதே ‘உங்க பையன் சுத்த சோம்பேறி’ என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நானும், பட்டிருக்கும் கடனையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டேன்.

கண் பட்டுவிட்டது என்கிறாள் மனைவி. முனியப்பன் கோயிலில் கயிறு கட்டினோம். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் விட்டுவிட்டு வரலாம் என்கிறார் மச்சான். ஏற்காட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மனநல டாக்டரிடம் போனால் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவான், நாளைக்கு வேலை, கல்யாணம் எல்லாம் கெட்டுப்போகும் என்றும் பயமுறுத்துகிறார்கள். இந்த ஒரு வாரமாகக் கொஞ்சம் தெளிந்திருக்கிறான். அமைதியாக இருக்கிறான். லேப்டாப்பைத் தங்கச்சிக்கே கொடுத்துவிட்டான், பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்தான். டீக்கடை பாக்கியைக் கொடுத்துவிட்டான். ஓமலூர் போய் அம்மாயியைப் பார்த்துவிட்டு வந்தான். எனக்கு விளங்க வேண்டியது ஒன்றுதான்: இது சோம்பேறித்தனமா, நோயா?

– ஒரு தகப்பன், சேலம்

பதில்: அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த நேரம். சோம்பேறித்தனமா, நோயா என்று இருபத்து மூன்று வருடமாக இந்தச் சேலத்தில் எத்தனையோ அப்பாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நிதானமாகப் பதில் எழுதலாம். ஆனால் நல்ல சேதி என்று நினைத்துக் கடைசியில் நாலு வரி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. லேப்டாப்பைத் தங்கைக்குக் கொடுத்தது, கடைப் பாக்கியைத் தீர்த்தது, அம்மாயியைப் போய்ப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் திடீர் அமைதி.

மாதக்கணக்கில் இருண்டு கிடந்த பிள்ளை, வெளியே எதுவும் மாறாமலே ஒரு வாரத்தில் அமைதியாகிறான். ஆசையாக வைத்திருந்ததைக் கொடுத்துவிடுகிறான், கொடுக்கல் வாங்கலை முடிக்கிறான். வீட்டில் இருப்பவர்கள் ‘அப்பாடா’ என்பார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். உயிரை விடுவதென்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டவர்களிடம் இப்படி ஓர் அமைதி வருவதுண்டு. அமைதியான பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியவை ஒன்றாகச் சேர்ந்து வந்தால், சந்தேகப்பட அதுவே போதும். அதனால்தான் இதழில் பதில் வரட்டும் என்று காத்திருக்காமல், உறையில் நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்கு அன்றைக்கே பேசினேன்.

அன்று போனில் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கே திரும்பச் சொல்கிறேன். அவனிடம் நேராகக் கேளுங்கள் என்றேன். ‘உசுர விட்டுடலாம்னு தோணுதா கண்ணு?’ என்று, மென்று முழுங்காமல் அந்த வார்த்தையிலேயே. நீங்கள் பதறிப்போய், ‘நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதாம்மா?’ என்றீர்கள். ஆகாது ஐயா. கேட்பதால் இல்லாத எண்ணம் முளைப்பதில்லை என்பதை எங்கள் துறையில் திரும்பத் திரும்ப ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைபவனுக்கு, ஒருவராவது கேட்டுவிட்டார்களே என்று மூச்சு வரும். அன்று ராத்திரி பட்டறையில் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டதாகச் சொன்னீர்கள். ‘ஆமாப்பா’ என்றானாம். வேறு எதுவும் சொல்லவில்லையாம். அந்த ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து வாங்கியதற்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மறுநாள் காலையில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனீர்கள். இன்றோடு மூன்று வாரம். அவனுக்குச் சிகிச்சை தருவது நான் அல்ல. அங்கே அவனைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதற்கும் நான் எழுதுவதற்கும் எங்காவது வித்தியாசம் இருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள். இந்தப் பதில் அச்சில் வர மகனும் சம்மதித்திருக்கிறான். அவனை அடையாளம் காட்டும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். உங்கள் கடிதத்தையும் அவன் படித்துவிட்டு, ஒரு திருத்தம் சொல்லி அனுப்பினான். அரியர் ஏழு இல்லையாம், ஒன்பதாம். இரண்டை உங்களிடம் மறைத்திருக்கிறான். கடிதத்தை அப்படியே விட்டிருக்கிறேன். மறைத்ததை அவனாகச் சொன்னானே, அதுதான் இந்த மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சேதி.

அன்றிரவே செய்யச் சொன்னவற்றை இன்னும் கைவிட்டுவிடாதீர்கள். தனியாக விட வேண்டாம். அறைக்கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று அவனிடமே சொல்லி வையுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், எலி மருந்து, பட்டறையில் வெள்ளியைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் திராவகம், எல்லாம் பூட்டுக்குள் இருக்கட்டும். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். இதைச் சொல்லும்போது, ‘சாகணும்னு நினைக்கிறவன் எப்படியும் வழி தேடிக்குவானேம்மா’ என்றார் உங்கள் மனைவி. ஊரெல்லாம் அப்படித்தான் நம்புகிறது. உண்மை வேறு. அந்த வேகம் அலைபோல் எழும்பும், உச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தணியும். பலருக்கு அந்த உச்சம் சில நிமிடங்கள், மிஞ்சினால் சில மணி நேரம். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்கிறார். அப்படிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை.

ராத்திரி எந்நேரமானாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். மகன் பேசாவிட்டால் நீங்கள் பேசலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம். ஆபத்து கண் முன்னால் இருந்தால் இதற்கெல்லாம் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ஆட்டோ பிடித்து நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆளைத் தூக்கிப் போகாமல் வீட்டிலேயே கைவைத்தியம் பார்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி, பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் இல்லை. அதனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாரும் யோசிக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

போனில் பேசும்போது, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குப் போவதை எப்போது நிறுத்தினான் என்று உங்களிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘ஆடி நோம்பி சமயத்துலயே விட்டுட்டான்’ என்றீர்கள். காலேஜுக்குப் போகாமல் நின்றது தீபாவளிக்குப் பிறகு. அப்படியானால் முதலில் போனது விளையாட்டு. படிப்பு போனது மூன்று மாதம் கழித்து. சோம்பேறிப் பிள்ளை முதலில் எதை விடுவான் என்று நீங்களே சொல்லுங்கள். புத்தகத்தைத்தான் விடுவான். மட்டையை விட மாட்டான். பிரியாணியை விட மாட்டான், தட்டுவடை செட்டுக்கு நண்பன் கூப்பிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பான். வேலை செய்யாமல் இருப்பது அவனுக்குச் சுகம். உங்கள் மகனுக்கு அந்தப் படுக்கையில் ஒரு சுகமும் இல்லை. பிடித்தவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்திருக்கின்றன, கடைசியில்தான் கல்லூரி.

இதற்குப் பெயர் மனச்சோர்வு நோய். டிப்ரஷன் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சோகமாக இருப்பது மட்டும் இதன் அடையாளம் அல்ல. சிலர் அழவே மாட்டார்கள். எதிலும் நாட்டம் போய்விடும். தூக்கம் தலைகீழாகும். பசி கெடும். உடம்பு ஈரச் சாக்குப்போல் கனக்கும், ஒரு வாளித் தண்ணீர் மோந்து ஊற்றுவதே மலை ஏறுவதுபோல இருக்கும். படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தாலும் மண்டையில் நிற்காது. ‘நான் எதற்கும் லாயக்கில்லை, என்னால் எல்லோருக்கும் பாரம்’ என்ற நினைப்பு ஓயாமல் ஓடும். இப்படிப் பலவும் சேர்ந்து, பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் பல மாதம் ஓடிவிட்டது. அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். 2015–16இல் பெங்களூரின் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வராதது தெரிந்தது. நீங்கள் வந்துவிட்டீர்கள்.

ஏன் இந்த வயதில் என்று போனில் கேட்டீர்கள். மனநோய் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது 24 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பரம்பரை, உடம்பின் வாகு, மூளையின் வேதியியல் என்று காரணங்கள் பல உண்டு. ஒன்றைப் பிடித்து இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மகன் கதையில் ஒரு இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்து, தோற்றுப் பழகாத பிள்ளை. முதல் வருடம் வகுப்பில் உட்கார்ந்தால் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. பாடம் விளங்காதது ஒரு பக்கம், விளங்கவில்லை என்று எழுந்து கேட்கவும் அதே ஆங்கிலம் வேண்டும். முதல் செமஸ்டரில் கணக்கு போகிறது. வீட்டில் சொல்லவில்லை, ஏனென்றால் வீட்டில் அவன் ‘சென்டம் எடுக்கிற பையன்’. அடுத்த செமஸ்டரில் அந்தப் பழைய பாடத்தோடு புதுப் பாடங்களும் சேர்ந்துகொள்கின்றன. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, புதிய பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்து வீடு திரும்பிய நாட்கள் உண்டென்று இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறான். நினைத்துப் பாருங்கள் ஐயா, அந்த இரைச்சலுக்கு நடுவே பகல் முழுக்க ஒரு பிள்ளை. உங்களை ஏமாற்ற அல்ல, உங்கள் முகம் வாடக் கூடாது என்று.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது; கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘உனக்காகப் பட்ட கடனை நினைச்சுப் பாரு’ என்று சொன்னால் பிள்ளைக்கு ரோஷம் வரும், எழுந்து படிப்பான் என்று நினைத்துச் சொன்னீர்கள். உடம்பும் மனசும் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு வரலாம். மனச்சோர்வில் இருப்பவன் அதை வேறு கணக்காகக் கேட்கிறான்: ‘நான் இல்லாவிட்டால் அப்பாவுக்குச் செலவு மிச்சம்.’ இதே வார்த்தைகளை என் அறையில் எத்தனை பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. கொலுசை இணைக்கப் பற்று வைக்கும்போது தீ கொஞ்சம் கூடினால் பற்று மட்டும் உருகி நிற்காது, கொலுசே உருகிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்போதைக்குத் தீயைத் தணியுங்கள். கடனைப் பற்றி அவன் காதுபட நீங்களும் மனைவியும் பேசிக்கொள்வதைக்கூட நிறுத்துங்கள். வட்டிக்காரர் வீட்டுக்கு வருபவராக இருந்தால், பட்டறையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்குப் பதில் என்ன பேசுவது என்று கேட்பீர்கள். நிறையப் பேச வேண்டாம். ‘கடன் என் கணக்கு, நான் பாத்துக்கறேன். நீ மாத்திரையைச் சாப்பிடு, சாப்பாடு சாப்பிடு.’ இவ்வளவு போதும், அதையும் தினம் சொல்ல வேண்டியதில்லை. ‘தைரியமா இரு’, ‘மனசைத் திடமா வெச்சுக்க’ என்பதை விட்டுவிடுங்கள். அது முடியாமல்தானே படுத்திருக்கிறான். சொந்தக்காரர் வீட்டுப் பையன் எங்கே வேலைக்குச் சேர்ந்தான் என்ற பேச்சும் வேண்டாம்.

செல்போன்தான் காரணம் என்று காலேஜில் சொன்னார்களாம். பெரும்பாலும் இது தலைகீழ். எழுந்து நடக்க முடியாதவனுக்கு, விரலை மட்டும் அசைத்தால் போதும் என்று இருக்கும் ஒரே பொருள் அதுதான். பிடுங்கினால் கடைசிக் கதவையும் சாத்தியதாகிவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும் என்று அவனோடு பேசி ஒத்துக்கொள்ளுங்கள். தூக்கம் ஒழுங்காக அது உதவும். கஞ்சா, குடி ஏதாவது பழக்கம் இருக்கிறதா என்று மருத்துவர் அவனைத் தனியாகக் கேட்பார். நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் அப்பா முன்னால் நிஜம் சொல்வதில்லை.

மாத்திரை. நீங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான் என்று தெரிகிறது. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு போன்றவையும் இப்படிச் சோர்வைத் தரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதியிருப்பார்கள். அவை சரியாக இருந்தும் மனச்சோர்வு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றால், அது தூக்க மாத்திரை இல்லை. குடிப்பவர் குடியைத் தேடுவதுபோல் அதைத் தேடி அலைய வைக்காது. தலைவலி மாத்திரைபோல் அன்றைக்கே கேட்கவும் செய்யாது. பலன் தெரியத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம்கூட ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுக் கோளாறு, தூக்கத்தில் மாற்றம் வரலாம். பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். 25 வயதுக்குட்பட்டவர்களிடம் இந்த மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணமோ படபடப்போ கூடுகிறதா என்று கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். மனசு தெளிவதற்கு முன்னால் உடம்பில் தெம்பு வந்துவிடுவதும் உண்டு. உங்கள் மகன் இப்போது அந்த வாரங்களில்தான் இருக்கிறான். பரபரவென்று நிலைகொள்ளாமல் நடந்தால், அல்லது தூக்கமே இல்லாமல் திடீரென்று பேச்சும் உற்சாகமும் எல்லை மீறினால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்ச் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது அப்படி அளவுக்கு மீறிய உற்சாகத்தில் சில நாட்கள் இருந்தானா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். அதைப் பொறுத்து மருந்தே மாறும்.

நன்றாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நம் பக்கத்தில் நோய் திரும்பி வருவதற்கு நான் பார்க்கும் முதல் காரணம் இதுதான். முதல்முறை வந்த மனச்சோர்வுக்கு, முழுக்கத் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வோம். பிறகு மருத்துவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசில்லை. பட்டறை வேலையால் தேதி தவறினால் மருந்து தீர்வதற்குள் மறுநாளாவது போய் வாங்கிவிடுங்கள்.

கோயில் கயிறு கையிலேயே இருக்கட்டும். அதை அவிழ்க்கச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. கட்டிய அம்மாவின் மனசு அதில் இருக்கிறது. குணசீலத்துக்கும் போய்ச் சாமி கும்பிட்டு வாருங்கள். அந்தக் கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையம் இருப்பது மச்சானுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் பெற்றவர்கள் கூட இல்லாமல், மாத்திரை இல்லாமல் நாற்பத்தெட்டு நாள் எங்கேயும் விட்டுவிட்டு வரும் பேச்சே வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகத்தில், சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் வெந்து போனார்கள். அவர்களையும் குணமாகட்டும் என்று நம்பித்தான் வீட்டார் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் நான் மாணவி. அந்தச் செய்தி என்னை இந்தத் துறைக்கு இழுத்துவந்த காரணங்களில் ஒன்று.

ஏற்காடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். போங்கள், ஆனால் இப்போது வேண்டாம். தனியாக அனுப்பவே வேண்டாம். மருத்துவர் சரி என்றதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாகக் காலையில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து மேலே போய், கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். அதில் கிடைக்கும் சந்தோஷம் நல்லதுதான், ஆனால் அது சிகிச்சை ஆகாது. மலை மேலே காபித் தோட்டத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதே நோயோடு இறங்கி என்னிடம் வருகிறார்கள்.

காலேஜ் விஷயம். மற்ற பிள்ளைகள் முன்னால் அப்படிப் பேசியது தவறு, அதை நான் மழுப்ப விரும்பவில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கும் கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மதிப்பெண்ணுக்காக மாணவர்களைப் பலர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொண்டு முதல்வரை நேரில் பாருங்கள், ஆலோசகர் யார் என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால், 75 சதவீத வருகை இல்லாவிட்டாலும் மருத்துவக் காரணத்துக்காக 65 வரை இறங்கித் தேர்வெழுத விதியில் இடம் உண்டு. அதற்கும் கீழே போயிருந்தால், படிப்பை இடையில் நிறுத்திவைத்து மறுபடி சேரும் வழியும் இருக்கிறது. நாலு வருடப் படிப்பை நாலே வருடத்தில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் கருத்தைக் கேட்டால், இந்த செமஸ்டரை விட்டுவிடுங்கள். ஒன்பது பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத உட்கார வைத்தால் பழைய இடத்துக்கே போவான். தெளிந்த பிறகு இரண்டு பாடத்தை எடுக்கட்டும், அவனுக்கு எளிதாகத் தோன்றும் இரண்டை. தமிழில் விளக்கிச் சொல்லும் சீனியர் ஒருவர் கிடைத்தால் பெரிய உதவி.

வேலைக்கும் கல்யாணத்துக்கும் தடை வருமா? அவன் நோயைப் பற்றிய தகவல் ரகசியம். மருத்துவமனை அதைக் கம்பெனிக்கோ காலேஜுக்கோ அவன் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மனநோய் இருந்தது என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லிவிடவும் முடியாது. இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டுத் தேறிய பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள். தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

மாத்திரையோடு பகலுக்கும் ஒரு சின்ன ஒழுங்கு வேண்டும். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. கை அசைந்தால் மனசு பின்னால் வரும். காலை ஏழு மணிக்கு உங்களோடு டீக்கடைவரை நடக்கட்டும். போகும்போது பேசாவிட்டாலும் பரவாயில்லை. சாயங்காலம் பட்டறையில் இருபது நிமிடம் கொக்கி மாட்டும் வேலை. கூலிக்காக அல்ல, எண்ணிக்கையும் கேட்காதீர்கள். முதல் நாள் வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவும் கணக்குதான். தங்கச்சியிடம் இருக்கும் லேப்டாப்பை நீங்களாகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ‘உன்னோடதுதான் அண்ணா, எப்ப வேணும்னாலும் எடுத்துக்க’ என்று அவள் ஒருமுறை சொல்லட்டும். பன்னிரண்டாவது படிக்கும் பெண், அந்த பாஸ்வேர்ட் எழுதிய தாளுக்கு என்ன அர்த்தம் என்று இந்நேரம் அவளுக்குப் புரிந்திருக்கும். அவளையும் தனியாக உட்கார வைத்து, பயந்தாயா என்று கேளுங்கள்.

கடைசியாக, போன வாரம் பேசும்போது உங்கள் மனைவி சொன்ன ஒன்று. மூன்று வாரமாக நீங்கள் அவன் அறை வாசலில் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறீர்கள், கண்ணையே மூடுவதில்லை, பகலில் அதே கண்ணோடு தீயின் முன் உட்காருகிறீர்கள். காவல் இன்னும் சில வாரம் வேண்டும்தான். அதை நீங்கள் ஒருவரே பார்க்க வேண்டியதில்லை. குணசீலம் கூட்டிப்போகத் தயாராக இருந்த மச்சான், வாரத்தில் இரண்டு ராத்திரி வந்து அந்தப் பாயில் படுக்கட்டும். வரும் சனிக்கிழமையிலிருந்தே வரச் சொல்லுங்கள். வியாழக்கிழமை காலை உங்களோடு நானும் போனில் பேசுகிறேன்.